கோகிலவாணியின் முதல் ஆல்பம்

உள்ள வரலாமுங்களா தம்பி? அவியளுக்கு மொதல்ல பாஸ்போர்ட் போட்டோ எடுத்து அனுப்பி விடுங்க, நான் உக்காந்திருக்கறேன். எனக்கு அவசரம் ஒண்ணுமில்ல. அவசரந்தான், ஆனா சொல்லி முடிக்க நேரம் புடிக்கும்.

முடிஞ்சுதுங்களா? சரி. என் பேரு வெள்ளியங்கிரி. நைட்டிக் கம்பெனில பேக்கிங் சூப்பர்வைசர். என்ர சம்சாரம் கோகிலவாணி போன பொதங்கெழம ஊட்ட விட்டுப் போனா, இன்னும் வரல. இன்னிக்கோட எட்டு நாளாச்சு. போலீஸ் ஸ்டேசன்ல எழுதிக் குடுத்துட்டேன். போட்டோ கொண்டாங்கன்னு சொல்லிப்போட்டாங்க. பஸ் ஸ்டாண்டுல ஒட்டணும், மத்த ஸ்டேசனுக்கெல்லாம் அனுப்பணும், மொகம் தெளிவா தெரியற மாதிரி ஒண்ணு வேணுமாமா. நாளைக்குக் காலைல குடுத்தாகணுமுங்க.

போட்டோ இல்லாம என்னங்க? இந்தப் போன்ல மட்டும் முன்னூத்திப் பன்னெண்டு இருக்குது. இந்தாங்க, தள்ளித் தள்ளிப் பாருங்க. இது பச்ச சேலை. இது மாம்பழக் கலரு. பாத்தீங்களா? ஆமாங்க, எதுலயும் தல இல்ல. சிரிக்காதீங்க தம்பி. ஸ்டேசன்ல ரைட்டரும் இப்படித்தான் சிரிச்சாரு. மொதல்ல இருந்து சொன்னாத்தான் என்ர பக்கத்து நாயம் உங்களுக்குத் தெரியும்.

எங்க வீதிக்கு அடுத்த வீதில ரெஜினான்னு ஒரு பொம்பள பியூட்டி பார்லர் வெச்சிருக்குது. எல்லாம் அதால வந்ததுங்க. இவ புருவம் திருத்தப் போன எடத்துல, "கோகிலா, உன்ர ஒசரத்துக்குச் சேலை எப்படி நிக்குது தெரியுமா, நீ மாடலிங் பண்ணலாம்"னு அது கெளப்பி விட்டிருச்சு. கோயமுத்தூர்ல ஒரு ஜவுளிக்கடைக்காரங்க சேலை கேட்லாக்குக்கு ஆளு தேடறாங்களாமா. சின்னப் புள்ளைங்க வேண்டாமாமா, முப்பது வயசுக்கு மேல, பாத்தா குடும்பப் பொம்பளையாத் தெரியணுமாமா. முன்னப்பின்ன பழக்கம் இல்லாட்டியும் பரவால்ல, ஒரு போர்ட்ஃபோலியோ மட்டும் கொண்டாந்தாப் போதும்னு சொன்னாங்களாமா.

அதென்ன எழவுன்னு எனக்கும் அப்பத் தெரியாதுங்க. மாடலிங் பண்றவங்க தன்னக் காட்டறதுக்கு வெச்சிருக்கற போட்டோ ஆல்பமாமா. ரெஜினா ஒரு பேப்பர்ல எழுதியே குடுத்திருந்துச்சு. நேராப் பாத்து ஒண்ணு, எடப்பக்கம் ஒண்ணு, வலப்பக்கம் ஒண்ணு, முழு ஒசரத்துக்கு ஒண்ணு, சிரிச்சு ஒண்ணு, சிரிக்காம ஒண்ணு, மேக்கப்பே இல்லாம வெள்ளச் செவுத்துக்கு முன்னால ஒண்ணு. அந்தப் பேப்பர மடிச்சு மடிச்சு டீத்தண்ணியோட கொண்டாந்து வெப்பா. ஒண்ணும் கேக்கமாட்டா. டம்ளரு இருக்கும், பக்கத்துல பேப்பரு இருக்கும். மூணு வாரம் இப்படி.

நான் வேண்டாம்னு சொல்லலீங்க. அதை நல்லா மனசுல வெச்சுக்கங்க. எங்க கம்பெனில பாதிப்பேரு பொண்டாட்டிய மளிகைக்கடைக்குத் தனியா உடமாட்டான். நான் அப்படி இல்ல, வாரம் ஒருக்கா நானே கூட்டிட்டுப் போயி நானே கூட்டிட்டு வந்துருவேன். கல்யாணமாயி ஒம்பது வருசம், குழந்தையும் இல்ல, பகல்ல ஊட்டுல கெடந்து என்ன பண்ணுவா, ஏதோ ஆசப்படறான்னு சரின்னுட்டேன். அன்னிக்கு அவ என்ன பண்ணுனா தெரியுங்களா? ரெண்டு கையாலயும் வாயப் பொத்திக்கிட்டு அடுப்படிக்குள்ள ஓடிட்டா.

போட்டோ எடுக்கறதுக்கு ரெஜினா கோயமுத்தூர்ல ஒருத்தனச் சொல்லுச்சு. அதுக்குத்தான் நான் ஒத்துக்கல. எவனோ ஒரு ஆம்பள ஒரு கண்ண மூடிட்டு ஒரு கண்ணால என்ர சம்சாரத்த நாளெல்லாம் பாப்பானாமா, அதுக்கு நான் காசும் குடுக்கணுமாமா. உங்களச் சொல்லலீங்க தம்பி, நீங்க கண்ணியமான ஆளு, பாத்தாலே தெரியுது. நானே எடுக்கறேன்னுட்டேன்.

அங்கதான் என்ர அனுபவம் கைகுடுத்துச்சு. பதினேழு வருசமா நைட்டி டப்பா அட்டைய நான் பாக்கறேன். எங்க அட்டைல கழுத்துக்கு மேல எதுவுமே கெடையாது. எந்தப் பொம்பளயாவது, "என்னங்க இதுல தல இல்ல"ன்னு திருப்பிக் குடுத்திருக்காளா? துணி வாங்கறவங்க துணியத்தான் பாப்பாங்க. பொறவு எதுக்கு மொகத்தக் குடுத்து ஊருக்கெல்லாம் வேடிக்க காட்டணும்? ஆசைக்கு ஆசையும் ஆச்சு, குடும்பத்துக்குக் கௌரவமும் ஆச்சு. எனக்கே என்னைய மெச்சிக்கத் தோணுச்சுங்க.

அவகிட்ட இதச் சொல்லல. சொன்னா வெசனப்படுவா.

மூணு ஞாயித்துக்கெழம எடுத்தேன். மொட்டமாடில தண்ணித்தொட்டிச் செவுத்துக்கு வெள்ளையடிச்சு, காலைல ஏழு மணி வெய்யில்ல. அவ அஞ்சுக்கே எந்திரிச்சுத் தலைக்குக் குளிச்சுருவா. கண்ணுக்கு மை எழுதறதுக்கு மட்டும் அரை மணி நேரம். ஒரு வாரம் மேலுதட்டு முடி எடுக்க நூல் போட்டுட்டு வந்து ரெண்டு நாளு செவந்து போய்க் கெடந்துச்சு. "இத்தன தொல்ல எதுக்கு"ன்னு கேட்டேன். "கிட்டத்துல எடுக்கறப்பத் தெரியுமில்லங்க"ன்னா.

நல்லா நிப்பாளுங்க அவ. அதச் சொல்லியே ஆகணும். ஒண்ணே ஒண்ணுதான் கொற, சிரிக்கலைன்னா தோள்பட்ட வெறச்சுக்குது. சிரிக்கச் சொன்னா ரெண்டு தோளும் அப்படியே எறங்கி, முந்தானைல அழகா மடிப்பு வுழுகும். அதனால சிரி சிரின்னு சொல்லிக்கிட்டே இருப்பேன். "சிரிப்பு நல்லா வருதுங்களா?"ம்பா. "அருமையா வருது"ம்பேன். "எடப்பக்கம் நல்லாருக்குதுங்களா, வலப்பக்கமுங்களா?"ம்பா. "ரெண்டும் ஒண்ணுதான், நீ சித்த ஆடாம நில்லு"ம்பேன். போனக் காட்டுங்கன்னு கேப்பா. மொத்தமா ஆல்பமா பாத்துக்கலாம்னு சொல்லிருவேன். அவளும் சின்னப்புள்ளையாட்டம் சரின்னுருவா.

ஆல்பம் சாதாரணமாப் போடலீங்க. கல்யாண ஆல்பம் மாதிரி கெட்டி அட்ட, முப்பது தாளு, மேல தங்க எழுத்துல 'கோகிலவாணி வெள்ளியங்கிரி', அதுக்குக் கீழ என்ர செல் நம்பரு. ஒரு வெள்ளிக்கெழம சாயங்காலம் மல்லிப்பூவும் மைசூர்பாகும் வாங்கிக்கிட்டு ஆல்பத்தக் கொண்டாந்து குடுத்தேன். கையக் கழுவித் தொடச்சுட்டு வந்து மடில வெச்சுப் பாத்தா. கடைசி வரைக்கும் பாத்தா. மறுக்கா மொதல்ல இருந்து பாத்தா. சந்தோசத்துல பேச்சு வரலைன்னு நெனச்சு நான் மைசூர்பாகப் பிட்டுக் குடுக்கப் போனேன்.

"இதுல நான் எங்கீங்க?"ன்னு கேட்டா.

"இதென்ன கேள்வி, எல்லாம் நீதான்."

"அப்பறம் எதுக்குங்க சிரிக்கச் சொன்னீங்க?"

தோள்பட்ட எறங்கறதுக்குன்னு வெவரமாச் சொன்னேன். எந்திரிச்சு நின்னு செஞ்சே காட்டுனேன், சிரிக்காம ஒருக்கா, சிரிச்சு ஒருக்கா. வேற புருசனா இருந்தா இவ்வளவு பொறுமையாச் சொல்லியிருப்பானா? அவ ஆல்பத்த மூடி வெச்சுட்டு அரிசி களையப் போயிட்டா. மைசூர்பாகு எறும்பு மொச்சுப் போச்சு.

ஆல்பத்த நானேதான் அனுப்பி வெச்சேன். பத்து நாளு கழிச்சு அந்தக் கடை மேனேஜர் கூப்பிட்டாரு. "சார், ஒடம்பு நல்லா இருக்குது, சேலை நல்லா நிக்குது. மொகம் இருக்குதுங்களா?"ன்னு கேட்டாரு. "இருக்குது, ஆனா குடுக்கறதில்ல"ன்னு சொன்னேன். பொறவு அவரே ஒரு வழி சொன்னாரு. இவள வெச்சுச் சேலையெல்லாம் போட்டோ எடுத்துட்டு, கழுத்துக்கு மேல கம்ப்யூட்டர்ல வேற ஒரு புள்ள மொகத்த ஒட்டிக்கறோம், உங்களுக்குச் சம்மதமான்னாரு. எனக்கு அவரக் கும்புடணும் போல ஆயிருச்சுங்க. நம்ம மானத்த நம்மள விட அவரு நல்லா ரோசிச்சிருக்காரு.

கூட நானும் போனேன். கடை மாடிலதான் எடுத்தாங்க. நாப்பத்தெட்டுச் சேலை, காலைல இருந்து பொழுது சாயற வரைக்கும் நின்னுக்கிட்டே இருந்தா. மொகம் குடுக்கற புள்ள பதினொரு மணிக்குக் கார்ல வந்துச்சு, சேர்ல உக்காந்து இப்படியும் அப்படியும் திரும்புச்சு, ஜூஸ் குடிச்சுட்டுப் பன்னெண்டுக்குள்ள போயிருச்சு. இருவது இருவத்தொண்ணு வயசு இருக்கும். நல்ல செவப்பு. கெளம்பறப்ப என்ர சம்சாரம் மேனேஜர்கிட்டப் போயி, "ஒரே ஒரு பக்கத்துல மட்டும் என்ர மொகத்தயே உட்டுருங்க சார், கடைசிப் பக்கமா இருந்தாலும் சரிங்க"ன்னு கேட்டா. அவரு என்னயப் பாத்தாரு. நான் இல்லைன்னு தலையாட்டுனேன். ஒப்புக்கிட்ட பேப்பர்ல கையெழுத்துப் போட்டது நாந்தானுங்களே.

வண்டில வர்றப்ப பெருந்தொற வரைக்கும் கண்ண மூடிக்கிட்டே வந்தா. நாளெல்லாம் நின்னதுல அசந்துட்டான்னு நான் ஒரு எளநி வாங்கிக் குடுத்தேன்.

சரி, இதோட முடிஞ்சிருக்கணும். என்ர சித்தப்பா மவ கல்யாண ஏற்பாட்டுலதான் சனி புடிச்சுது. கல்யாணச் சேலை எடுக்கறதுக்காக அந்தக் கேட்லாக்கு அவிய ஊட்டுக்கும் வந்திருந்துச்சு. ஒறவுக்காரப் பொம்பளைங்க இருவது பேரு வட்டமா உக்காந்து பொரட்டறாங்க. சேலைய எவளும் பாக்கல. "யாரு இந்தப் புள்ள, மொகத்துல என்ன களை பாரு, மகாலச்சுமியாட்டம்"னு ஒவ்வொருத்தியும் தொட்டுத் தொட்டுக் கும்புடறாங்க. எங்கம்மாவும் வாங்கிப் பாத்துச்சு. பாத்துப்போட்டு, பக்கத்துல வெத்தலைக்குக் காம்பு கிள்ளிக்கிட்டிருந்த இவளப் பாத்து, "ஹும், இந்த மாதிரி மொகத்தோட ஒருத்தி வாச்சிருந்தா எம்மவன் எப்படி இருந்திருப்பான்"னு சொல்லிருச்சு. மனசுல வெச்சுச் சொல்லலீங்க, எங்கம்மாவுக்கு வாய் அப்படி.

இவ வெத்தலையக் கீழ வெச்சா. "அத்தை, அது நாந்தானுங்க"ன்னா.

அம்மாடி! அத்தன பேரும் சிரிச்ச சிரிப்பு இருக்குதே. ஒருத்தி வெத்தலையோட பொறையேறி எந்திரிச்சு வெளிய ஓடுனா. எங்கம்மா கண்ணுல தண்ணி. "ஏனாத்தா, கண்ணாடிய என்னிக்காச்சும் பாத்திருக்கியா?"ங்குது. இவ அவியளப் பாக்கல. நான் வாசப்படில நின்னுக்கிட்டிருந்தேன், என்னயப் பாத்தா. சொல்லுங்கன்னு வாயத் தொறந்து கேக்கல, பாத்தா, அவ்வளவுதான். நான் என்ன பண்ணட்டும்? ஆமா, அந்தச் சேலைக்குள்ள நிக்கறது என்ர பொண்டாட்டிதான்னு அத்தன பேரு முன்னால சொன்னா யாரு மானம் போகும்? அவ மானமுந்தான போகும்? அவளுக்காகத்தான் நானும் சிரிச்சேன். கொஞ்சமாத்தான் சிரிச்சேன்.

அதுக்கு மறுநாளு காலைல இட்லி வெச்சுக் குடுத்தா. வெச்சுப்போட்டு அடுப்பப் பாத்துத் திரும்பி நின்னுக்கிட்டு, "ஏனுங்க, நான் எப்படி இருப்பேன்னு திரும்பாமயே சொல்லுங்க பாக்கலாம்"ன்னா. காலங்காத்தால கேக்கற கேள்வியாங்க இது? கம்பெனிக்கு நேரமாச்சு. "உன்ர மொகம் உன்ரகிட்டத்தான இருக்குது, போயி கண்ணாடில பாரு, சட்னி கொண்டா"ன்னேன். கொண்டாந்து ஊத்துனா. அன்னிக்குத்தான் பொதங்கெழம.

சாயங்காலம் வந்தா ஊடு பூட்டியிருக்குது. சாவி ரெஜினாகிட்ட. எங்க போனான்னு கேட்டா, "எனக்குத் தெரியாதுங்க, தெரிஞ்சாலும் சொல்லமாட்டேன்"னு கதவச் சாத்திக்கிச்சு. ரெண்டு சேலை, ஆதார் கார்டு, அவ போன், இவ்வளவுதான் எடுத்துட்டுப் போயிருக்கா. போன் அணைஞ்சு கெடக்குது. கடைக்காரங்க திருப்பிக் குடுத்த ஆல்பத்த மேசை மேலயே வெச்சுட்டுப் போயிட்டா.

ரைட்டரு அங்க அடையாளம் கேட்டாரு. நான் எல்லாமே சொன்னேங்க. ஒசரம் அஞ்சடி நாலங்குலம், ரவிக்க முப்பத்தாறு, தோள்பட்ட பதினாலு, எடது மணிக்கட்டுல எண்ணெ தெறிச்ச வடு, கழுத்துல முன்னால ரெண்டு வரி. அவரு எழுதிக்கிட்டே வந்தாரு. "மொகம்?"னாரு. "மாநிறம்"னேன். "வட்டமா, நீளமா?" "நடுத்தரமுங்க." "மச்சம், தழும்பு, பல்லு தூக்கலா, தெத்துப்பல்லா, ஏதாவது?" ரோசிச்சு ரோசிச்சுப் பாத்தேன். "எல்லாரு மாதிரியுந்தாங்க இருப்பா"ன்னேன். பேனாவக் கீழ வெச்சுட்டாரு.

ஆதார் ஜெராக்ஸ் ஒண்ணு இருக்குது, பாருங்க, கரியடுப்புல போட்டு எடுத்தாப்பல. அவ அண்ணன் தாராவரத்துல இருக்கான், அவனக் கேட்டா போட்டோ இருக்கும். ஆனா எதுக்குன்னு கேப்பானுங்களே. கல்யாண ஆல்பத்தக் கொண்டாந்திருக்கேன், இந்தாங்க. எதுலயும் நிமுந்திருக்க மாட்டா. பொண்ணுன்னா தல குனிஞ்சுதான் இருக்கணும்னு எங்கம்மா மணவறைல பின்னால நின்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு. இதுல வகிடு தெரியுது, இதுல நெத்திச்சுட்டி. இது ஒண்ணுலதான் யாரோ கூப்பிட்டு நிமுந்தா, அதுக்குள்ள மாலை வந்து மறச்சிருச்சு. தேறுமுங்களா? ஒரு கண்ணும் பாதி மூக்கும் இருக்குது. தேறாதா?

அப்ப இதப் பாருங்க. நேத்துப் பீரோவத் தொடச்சப்ப துணிக்கு அடில இருந்துச்சு. கடைக்காரங்க எங்களுக்குன்னு அனுப்புன கேட்லாக்குத்தான். பிரிங்க. ஆமாங்க, எல்லாப் பக்கத்துலயும் இப்படித்தான். அந்தப் புள்ள மொகம் ஒண்ணொண்ணையும் வெட்டி எடுத்திருக்கா. காது, கம்மல் எதுவும் பிசிறு தட்டல, அவ்வளவு நேர்த்தியா வெட்டியிருக்கா. நாப்பத்தெட்டுப் பக்கமும் ஓட்ட. எத்தன நாளு உக்காந்து வெட்டுனாளோ, நான் கம்பெனிக்குப் போன பொறவு. நல்ல வழவழத் தாளு, பாழாக்கி வெச்சிருக்கா.

நான் சொல்றது என்னன்னா, ஒடம்பு இருக்குது. ஓட்டையும் அளவா வெட்டி வெச்சிருக்குது. நீங்க கம்ப்யூட்டர்ல ஒரு மொகத்தச் செஞ்சு இதுக்குள்ள வெச்சுக் குடுத்தா நான் நாளைக்குக் கொண்டுபோயிக் குடுத்துருவேன். அவங்க செய்யலீங்களா, நம்மளால முடியாதா? நீங்க ஒவ்வொண்ணாக் கேளுங்க, நான் சொல்றேன். கண்ணு எப்படின்னு கேளுங்க, மூக்கு எப்படின்னு கேளுங்க.

கண்ணுங்களா? கண்ணு... மை எழுதியிருப்பா.

ஏந்தம்பி அப்படிப் பாக்கறீங்க? ஊடு வெறிச்சோடிக் கெடக்குதுங்க. அடுப்படிக்குப் போனா அழுகையா வருது, ஆம்பள அழுவறதான்னு வெளிய வந்து உக்காந்துக்கறேன். எனக்கு அவ வேணுமுங்க. எட்டு நாளா நானும் கண்ண மூடி மூடிப் பாக்கறேன். சேலை வருது, மடிப்பு வருது, அந்த மணிக்கட்டு வடு கூட வருது, கழுத்து வரைக்கும் தெளிவா வருது. அதுக்கு மேல வரமாட்டேங்குது. போனையே பாத்துப் பாத்து இப்படி ஆயிருச்சாட்டம் இருக்குது.

நீங்க ஏதோ ஒண்ணு போடுங்க, பாத்து இது அவளா இல்லையான்னு நான் சொல்றேன்.